மூக்கு ஸ்பிரேயும் கண் சொட்டு மருந்தும்: சேலத்து மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கி ஏற்காட்டில் பனி இறங்கினால் மூக்கடைப்பு, வெயில் ஏறி ரோட்டில் புழுதி பறந்தால் கண் எரிச்சல். சேலத்தில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எங்களுக்கு வருஷம் முழுக்க இந்த இரண்டு புகாரும் வந்துகொண்டே இருக்கும். "மூக்குக்கு ஒரு ஸ்பிரே குடுங்க", "கண்ணு செவந்துருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். இரண்டு பாட்டிலிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்துதான். சில நாள் உபயோகித்தால் நல்ல துணை. அதையே தினசரி வழக்கமாக்கினால், அல்லது குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், பெரிய தொல்லை. கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், வரிசை நீளமாக இருப்பதால் நிதானமாகச் சொல்ல முடியாத பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்பிரே அடித்த சில நிமிஷத்தில் மூக்கு திறந்துகொள்கிறதே, எப்படி?

மூக்கு அடைத்தால் உள்ளே சளி கட்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சளியும் உண்டு, ஆனால் அடைப்புக்குப் பெரும்பங்கு காரணம் வீக்கம். மூக்கின் உள்சுவரில் சதைப்பற்றான மடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. ஜலதோஷமோ தூசி அலர்ஜியோ வந்தால் அந்தக் குழாய்கள் விரிந்து, மடிப்புகள் உப்பி, காற்று போகும் வழியை மூடிவிடுகின்றன. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காமல் இருப்பது அதனால்தான்.

சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் போன்ற மருந்துகள் அந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வீக்கம் வடியும், காற்று போகும். ஒரு தடவை அடித்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். ஜலதோஷம் இதனால் ஒரு நாள்கூடச் சீக்கிரம் குணமாகாது. தூங்கவும் மூச்சு விடவும் வழி செய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

எத்தனை நாள் அடிக்கலாம்?

மூன்று நாள். டாக்டர் சொன்னால் ஐந்து நாள். ஆக்சிமெட்டாசோலின் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். இரவு தூங்கப் போகும்போது மட்டும் அடித்துக்கொண்டாலே பலருக்குப் போதும். "இன்னும் ரெண்டு நாள் அடிச்சா முழுசா சரியாயிடும்" என்ற எண்ணத்தில்தான் பலரும் அடுத்த கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்.

பல மாதமாக அடிக்கிறேன். அடிக்காவிட்டால் தூக்கமே வருவதில்லை. இதை எப்படி விடுவது?

இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். சட்டைப் பையில் பாட்டில் இருக்கும், முனையில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும், லேபிள் தேய்ந்து எழுத்து அழிந்திருக்கும். மாதத்துக்கு ஒரு பாட்டிலில் ஆரம்பித்தது வாரத்துக்கு ஒன்றாகியிருக்கும். அவர்களிடம் தப்புக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. நாள் கணக்கைச் சொல்லாமல் விற்றால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

தொடர்ந்து அடிக்கும்போது ரத்தக் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக உப்புகின்றன. மூக்கு மறுபடி அடைக்கிறது, மறுபடி அடிக்கிறோம், அது மறுபடி உப்புகிறது. முதலில் வந்த ஜலதோஷம் எப்போதோ போயிருக்கும். இப்போது இருக்கும் அடைப்பே ஸ்பிரேயால் வந்தது. மருத்துவத்தில் இதற்கு ரைனிட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று தனிப் பெயரே உண்டு. நாள்பட்டால் மூக்கின் உள்தோல் காய்ந்து எரியும், ரத்தம் கசியும்.

விடலாம், கண்டிப்பாக முடியும். பலருக்குச் சௌகரியப்படும் வழி, ஒரு பக்கத்தை மட்டும் முதலில் நிறுத்துவது. உதாரணத்துக்கு வலது மூக்கில் இன்றோடு முழுதாக நிறுத்திவிடுங்கள். இடது பக்கம் மட்டும் இரவில் ஒரு தடவை. முதல் சில நாள் வலது பக்கம் கல் மாதிரி அடைத்துக் கிடக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அது தானாகத் திறந்துவிடும். அப்புறம் இடது பக்கத்தையும் நிறுத்துங்கள். அந்த நாட்களில் சலைன் (உப்பு நீர்) ஸ்பிரேயை எத்தனை தடவை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். தலையணையை ஒன்று கூட்டி, தலையை உயர்த்திப் படுத்தால் அடைப்பு குறையும்.

காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தால் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதித் தருவார். நிறுத்தும் காலத்து வீக்கத்தை அது தணிக்கும். டாக்டரைப் பார்க்க இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. ஆரம்பத்தில் ஸ்பிரே அடிக்க வைத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். தறிக்குடோனில் பஞ்சுத் தூசியா, வெள்ளைக்கல் சுரங்கத்துப் புழுதியா, மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறதா, உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா? அதைச் சரி செய்யாமல் விட்டால் அடுத்த மழைக்கே பாட்டில் திரும்பவும் பைக்குள் வந்துவிடும்.

எல்லா ஸ்பிரேயும் இப்படிப் பழகிவிடுமா? டாக்டர் ஆறு வாரம் அடிக்கச் சொல்லியிருக்கிறாரே?

எல்லாம் ஒன்றல்ல. ஒட்ரிவின், நாசிவியான் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும் வகை. மூன்று நாள் கணக்கு அதற்குத்தான். புளூட்டிகசோன், மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு ஸ்பிரே. அடித்த உடனே எதுவும் தெரியாது, தினமும் அடித்து வந்தால் சில நாளில் பலன் தெரியும், டாக்டர் சொன்ன காலம் வரை விடாமல் அடிக்க வேண்டும். இரண்டு நாளில் "இது வேலை செய்யல" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஸ்பிரேக்கே திரும்புபவர்கள் நிறைய. சலைன் என்பது உப்பு நீர் மட்டும். பழகவும் பழகாது, கெடுதலும் இல்லை.

ஒரே கம்பெனி ஒரே பெயரை வைத்துக்கொண்டு மருந்துள்ளதும் விற்கும், வெறும் சலைனும் விற்கும். அதனால் பெட்டியின் பெரிய எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சின்ன எழுத்தில் உள்ளே என்ன மருந்து என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். பொடி எழுத்து தெரியவில்லை என்றால் எங்களைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சரியாக அடிப்பது எப்படி?

முதலில் மெதுவாக மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம், லேசாக முன்பக்கம் குனிந்தால் போதும். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் முனை தானாகவே காதுப் பக்கம் சாயும். நடுச்சுவரை நோக்கி அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். பலமாக உறிஞ்சாதீர்கள், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முனையைத் துடைத்து மூடி வையுங்கள். வீட்டில் ஆளுக்கொரு பாட்டில்.

கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியாமல் அழுகிறது. சின்ன ஸ்பிரே ஏதாவது உண்டா?

பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு வாயால் மூச்சு விடச் சரியாகத் தெரியாது. மூக்கு அடைத்தால் பால் குடிக்கும்போது திணறும். தாய்மாருக்கு இது எவ்வளவு பதற்றம் என்று தெரியும். ஆனாலும் குழந்தைக்குச் சலைன் சொட்டு மட்டும்தான். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட்டு, ஊறிய சளியைத் துடைத்து எடுங்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தை ஆறு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. பெரியவர்கள் பாட்டிலிலிருந்து "ஒரே ஒரு சொட்டு" கூட வேண்டாம். அதன் வீரியமே வேறு.

வாய்வழிச் சளி மருந்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, எந்தச் சொட்டும் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

குழந்தை கண் சொட்டு பாட்டிலை வாயில் வைத்துச் சப்பிவிட்டது. கொஞ்சம்தான் குடித்திருக்கும். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

கண்ணில் போடும் மருந்துதானே, வயிற்றுக்குப் போனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகும். கண் சிவப்புக்கும் மூக்கடைப்புக்கும் போடும் நாபசோலின், டெட்ராஹைட்ரோசோலின், ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் எல்லாம் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மூளையையும் இதயத்தையும் தாக்கும். குழந்தை தூங்கி வழியும், எழுப்பினால் எழாது, நாடித்துடிப்பும் மூச்சும் மெதுவாகும், உடம்பு சில்லிடும். சில குழந்தைகள் நினைவிழந்து போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-ல் இதைப் பற்றி எச்சரித்தது. 1985 முதல் 2012 வரை தங்களுக்குத் தெரியவந்த 96 சம்பவங்களை அப்போது எடுத்துச் சொன்னார்கள். ஒரு மாதக் குழந்தை முதல் ஐந்து வயது வரை. யாரும் இறக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒன்று அல்லது இரண்டு மில்லி உள்ளே போனாலே ஆபத்து என்றும் சொன்னார்கள். ஒரு டீஸ்பூன் ஐந்து மில்லி. நம் வீட்டில் இருக்கும் பாட்டிலில் பொதுவாகப் பத்து மில்லி இருக்கும்.

அதனால், குடித்தது உறுதியாகத் தெரியாவிட்டாலும், குழந்தை அந்த நேரம் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், கிளம்பிவிடுங்கள். 108-க்கு அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கி வரும் குழந்தைக்கு வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பால் எதுவும் ஊற்ற வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும். "தூக்கம் வருது போல, தூங்கட்டும்" என்று படுக்க வைத்துவிடக்கூடாது. அந்தத் தூக்கமே விஷத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

டவுனில் இருப்பவர்களுக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு ராப்பகலாகத் திறந்திருக்கும். ஏற்காட்டில் இருந்தால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் அங்கேயே உள்ள அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மூச்சையும் நாடியையும் பார்த்து, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸில் கீழே அனுப்புவார்கள்.

நம் ஊரில் விற்கும் பாட்டில்கள் பெரும்பாலும் சாதாரணத் திருகு மூடிதான், இரண்டு வயதுக் குழந்தையே திறந்துவிடும். தலையணைக்கு அடியில், டிவி ஸ்டாண்டில், ஹேண்ட்பேக்கில் வைக்காதீர்கள். பாட்டியின் கண் அழுத்தச் சொட்டு மருந்தும், முக்கியமாகப் பிரிமோனிடின், இதே அளவு ஆபத்தானது. பீரோவின் மேல்தட்டில், பூட்டி.

பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்பிரே அடிக்கலாமா?

கேட்டுவிட்டு அடியுங்கள். மூக்கில் அடித்தாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அது உடம்பில் மற்ற ரத்தக் குழாய்களையும் சுருக்கும். கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்பு, இதய நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமம், கண் அழுத்த நோய் இவற்றில் எது இருந்தாலும் கடையில் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் தயங்காமல் சீட்டைக் காட்டுங்கள், சில மாத்திரைகளோடு இது சேரவே கூடாது. பல ஜலதோஷ மாத்திரைகளிலும் இதே வேலையைச் செய்யும் பினைல்எப்ரின் இருக்கும் என்பதால், மாத்திரையும் ஸ்பிரேயும் சேர்ந்தால் இரட்டை மருந்தாகிவிடும்.

கர்ப்பமாக இருக்கிறேன், மூக்கு எப்போதும் அடைப்பாகவே இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஜலதோஷமே இல்லாமலும் மூக்கு உப்பும், பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சரியாகும். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஸ்பிரே அவ்வளவு நாள் அடிக்கக்கூடிய மருந்து இல்லை. சலைன் போடுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள், மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஏற்காடு ஏறி இறங்கினால் காது அடைக்கிறது. கிளம்பும் முன் ஸ்பிரே அடித்துக்கொள்ளலாமா?

சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அவ்வளவு உயரம் மாறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் மாறும்போது, மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து சமன் செய்ய வேண்டும். இறங்கும்போதுதான் அது திறக்க அடம்பிடிக்கும்.

சாதாரணமாக இருப்பவர்களுக்கு ஸ்பிரே தேவையே இல்லை. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், வாயில் ஒரு மிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள். கடுமையான ஜலதோஷத்தோடு காது வலியும் இருந்தால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுவதுதான் நல்லது. தினமும் மேலே வேலைக்குப் போய் வருபவர்கள் இதற்காக ஸ்பிரே பழக்கம் வைத்துக்கொள்ளவே கூடாது.

கண் சிவந்தால் போடும் சொட்டு மருந்து தினமும் போட்டால் என்ன?

மூக்கில் நடப்பதேதான். நாபசோலின் உள்ள சொட்டு கண்ணின் வெள்ளையில் ஓடும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கண் பளிச்சென்று வெளுக்கும். மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கியதும் முன்பைவிடச் சிவக்கும். கல்யாண போட்டோவுக்கு முன்னால் ஒரு தடவை போடுவது வேறு. தினமும் காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வேறு.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர்கள் பலர் இதைக் கேட்டு வருவார்கள். நாள் முழுக்கக் குனிந்து, கண்ணுக்கு மிக அருகில் நெருப்பை வைத்துச் சின்னச் சின்னக் கண்ணிகளைப் பற்றவைக்கிறார்கள். புகை, சூடு, ஆசிட் ஆவி, கண்ணை இமைக்காமல் உற்றுப் பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்து கண்ணைக் காயவைத்துவிடும். அவர்களுக்கு வேண்டியது சிவப்பை மறைக்கும் மருந்து இல்லை. கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் சொட்டு, பாதுகாப்புக் கண்ணாடி, காற்று வெளியேற ஒரு வழி இவைதான் வேண்டும். லீ பஜாரில் மூட்டை இறக்குபவர்கள், ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

எந்தச் சிவப்புக்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், லென்ஸ் போடும் கண்ணில் சிவப்பு, ஏதாவது குத்திய சிவப்பு. இவற்றுக்கு எந்தச் சொட்டும் போடாமல் கண் டாக்டரிடம் போங்கள். கடும் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் இவற்றோடு கண் சிவந்தால் அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம். சிவப்பைக் குறைக்கும் சொட்டு கண் பாப்பாவை விரிக்கக்கூடியது, அந்த நிலையை இன்னும் மோசமாக்கும்.

ஆசிட் தெறித்தாலோ, வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தை கண்ணில் பட்டாலோ, முதல் மருந்து தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிஷம் விடாமல் கழுவுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு ஆசிட்டைவிட ஆழமாகக் கண்ணை அரிக்கும், கழுவாமல் வண்டி தேடி ஓடிய சில நிமிஷங்களில் பார்வையே போகலாம்.

போன வருஷம் டாக்டர் எழுதிய சொட்டு மருந்து நன்றாகக் கேட்டது. அதையே கொடுங்களேன்?

சீட்டைப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றாகக் கேட்ட மருந்தில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும். எந்தச் சிவப்பையும் அது அமுக்கும். உள்ளே கிருமி இருந்தால் அது வளர இடம் கொடுக்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு பாழாகும், புரை வளரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, பார்வை ஓரத்திலிருந்து குறைவது கடைசியில்தான் தெரியும், போன பார்வை திரும்பாது. வருஷா வருஷம் வெயில் காலத்தில் கண் அரிக்கும் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் பழைய சீட்டைக் காட்டி இதை வாங்கிப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அரிப்புக்கு வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால்?

பெரும்பாலும் வைரஸ், ஒன்று இரண்டு வாரத்தில் தானாகப் போகும். சிவப்பைக் குறைக்கும் சொட்டு உதவாது. கையைக் கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள், தும்பைப்பூச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

கண்ணில் சொட்டு விடும்போது பாதி கன்னத்தில் வழிகிறது. இரண்டு மூன்று சொட்டாக விடலாமா?

ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிட அதிகம். வழிவது மிச்சம்தான். கை கழுவி, கீழிமையை இழுத்துப் பை மாதிரி செய்து அதில் ஒரு சொட்டு. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது, மருந்து போட்டதும் தொண்டையில் கசப்பு தெரிவது அதனால்தான். அந்த வழியை அடைத்தால் மருந்து கண்ணிலேயே நிற்கும். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடுங்கள். லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டுப் போட்டு, கால் மணி நேரம் கழித்து மாட்டுங்கள். பாட்டில் முனை இமையில் படக்கூடாது.

திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கண் சொட்டு என்றால் பொதுவாகத் திறந்து நான்கு வாரம். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்குத்தான். திறந்த அன்றே பேனாவால் தேதியை லேபிளில் எழுதிவிடுங்கள். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் வண்டி டிக்கியிலும் கார் டேஷ்போர்டிலும் வைத்த மருந்தை நம்ப வேண்டாம்.

மருந்தே வேண்டாம், ஆவி பிடிக்கிறேன், உப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். சரிதானே?

பெரியவர்களுக்குச் சரி. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் இதமாக இருக்கும். குழந்தைகளுக்கு வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. மூக்கைக் கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாகத்தான் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ, கிணற்றுத் தண்ணீரோ, ஊற்றுத் தண்ணீரோ அப்படியே மூக்குக்குள் போகக்கூடாது. கேரளத்தில் சமீப வருஷங்களில் மூளையைத் தாக்கிய அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. வாயால் குடித்தால் அது ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

மூக்கடைப்புக்கு எப்போது டாக்டரைப் பார்ப்பது?

பத்து நாளுக்கு மேல் போனாலோ, முகத்தில் வலியோடு காய்ச்சல் இருந்தாலோ போங்கள். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்பும் ரத்தமும் என்றால் தள்ளிப் போடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே பாசிமணியோ, புளியங்கொட்டையோ, பொம்மையின் பட்டன் பேட்டரியோ இருக்கலாம். பேட்டரி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே கிளம்புங்கள். சில மணி நேரத்தில் அது மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். வீட்டில் குச்சி வைத்துக் கிளறவோ, சொட்டு மருந்து விடவோ வேண்டாம்.